கல்யாண மண்டபத்தில் ஒரு மைக்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு தகவலைத் தட்டிவிட்டார். ஏதோ ஒரு பழத்தை ஏதோ ஒன்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற ரகம். அது பொய் என்று நான் எழுதியதும் சித்தி மகன் உடனே பதில் போட்டான்: "பெரியப்பாவைச் சொல்லிக் குத்தமில்லண்ணா, அல்காரிதம் அப்படித் தள்ளுது." வரிசையாக எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அல்காரிதம் எதுவும் கிடையாது. பெரியப்பாவுக்கு அதை அனுப்பியவர் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். எங்களுக்கு அனுப்பியவர் பெரியப்பா. நடுவில் எந்த இயந்திரமும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் இந்தக் குழப்பம் எல்லா இடத்திலும் இருக்கிறது. "சமூக ஊடகம் மூளைச்சலவை செய்கிறது", "பசங்களோட அடையாளமே மாறிப்போச்சு", "இனி தேர்தலை போன்தான் முடிவு செய்யும்" என்று டிவி விவாதத்திலும் டீக்கடையிலும் ஒரே மூச்சில் பேசுகிறோம். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நான் யார் என்பதை இந்த ஊடகங்கள் எப்படி மாற்றுகின்றன? ஒரு குடிமகனாக, குடிமகளாக நான் நடந்துகொள்ளும் விதத்தை எப்படி மாற்றுகின்றன? இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்த ஊடகங்கள் நம் கருத்தில் கைவைப்பதற்கு முன்பே, நம்மை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மாற்றிவிடுகின்றன. மற்ற பெரும்பாலான மாற்றங்கள் அதிலிருந்து வருகின்றன.

ஒரு போன், மூன்று பேர்

முதலில் இரண்டு சொற்கள். செயலியைத் திறந்ததும் மேலிருந்து கீழாக முடிவே இல்லாமல் ஓடும் பதிவுகளின் வரிசைதான் ஃபீட். அந்த வரிசையில் எது முதலில் வர வேண்டும், எது பத்தாவது, எது வரவே வேண்டாம் என்று முடிவு செய்யும் கணக்கு விதிகளின் தொகுப்பு அல்காரிதம்.

எங்கள் தெரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கடையின் முன்வரிசையில் எதை வைப்பார்? உடம்புக்கு நல்லதையா? கை எதன் மேல் போகுமோ அதை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சரம் சரமாக சிப்ஸ் பாக்கெட் தொங்கும். மார்கழி பிறந்தால் கோலப்பொடி முன்னால் வந்துவிடும். அவருக்கு உங்கள் மேல் தனி அக்கறையும் இல்லை, உங்களுக்கு எதிராகச் சதியும் இல்லை. விற்பதை முன்னால் வைக்கிறார், அவ்வளவுதான். ஃபீடும் அதே புத்திதான். இரண்டு வித்தியாசங்கள் உண்டு. அண்ணாச்சி கடைக்கு ஒரே முன்வரிசை. ஃபீடில் ஆளுக்கொரு முன்வரிசை. அப்புறம், நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதோடு, எதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தீர்கள், எதன் முன்னால் நாலு விநாடி கூடுதலாக நின்றீர்கள் என்பதும் அங்கே கணக்கில் ஏறும். இப்படிச் சேரும் குறிப்புகளை நடத்தைத் தடயம் என்று வைத்துக்கொள்வோம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் உருப்படியான போன் ஒன்றுதான் இருந்தது, வீடியோ செயலியில் கணக்கும் ஒன்றுதான். காலையில் அம்மா ஆன்மிகச் சொற்பொழிவும் புள்ளிக்கோலமும் பார்ப்பார். மதியம் அக்கா மகன் துப்பாக்கி விளையாட்டு வீடியோ பார்ப்பான். ராத்திரி நான் பழைய பட்டிமன்றம். ஒரு மாதம் இப்படிப் போனது. திடீரென்று எங்கள் ஃபீடில் ஒரு பேச்சாளர் முளைத்தார். நெற்றி நிறையக் குறி, பின்னணியில் உடுக்கைச் சத்தம், மேசையில் குத்திக் குத்தி ஆவேசப் பேச்சு. மூன்று பேரில் யாரும் அவரைத் தேடவில்லை. பக்தி, சண்டை, மேடைப்பேச்சு மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, நான்காவதாக ஒரு ஆளை அந்த இயந்திரம் ஊகித்துவிட்டது. அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா மகன் அந்த ஆளைப் போலவே மேசையில் குத்திப் பேச ஆரம்பித்தான். அவன் கருத்து மாறிவிட்டதா என்று கேட்டால், அவனுக்கு அந்த விஷயத்தில் கருத்தே கிடையாது. வகுப்பில் பேசிக் காட்டியதற்கு நாலு பேர் கைதட்டியிருக்கிறார்கள். கைதட்டுக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தான், பார்க்கப் பார்க்க இன்னும் வந்தது. இல்லாத நான்காவது ஆள் மெல்ல வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்.

ஃபேஸ்புக்கில் ஃபீட் வந்தது 2006 செப்டம்பரில். அதற்கு முன் நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய அவர் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். லைக் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். 2017-இல் ஒரு விசித்திரமான கணக்கு நடந்தது. ஒரு பதிவுக்கு லைக் விழுந்தால் ஒரு புள்ளி என்றால், கோபம், சிரிப்பு, சோகம் போன்ற முகங்கள் விழுந்தால் ஐந்து புள்ளி. மனிதர்கள் அதிகம் மெனக்கெட்டதை மேலே கொண்டுவரலாம் என்ற எண்ணம். ஆனால் கோபமுகம் நிறைய வாங்கும் பதிவுகளில் பொய்யும் வசையும் அதிகம் இருப்பதை நிறுவனத்தின் உள்ளே இருந்தவர்களே கண்டார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020-இல் கோபமுகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். 2021-இல் வெளிவந்த உள் ஆவணங்களால்தான் இது ஊருக்குத் தெரிந்தது. அண்ணாச்சி சிப்ஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்த மாதிரி. வைத்தது தெரியாது, எடுத்ததும் தெரியாது.

இதுவரை சொன்னதன் சாரம்: ஃபீடுக்கு நம்மைத் தெரியாது. நம் கை போன இடத்தை வைத்து ஒரு ஆளை ஊகிக்கிறது. அந்த ஊக மனிதருக்குப் பிடித்ததை நமக்குக் காட்டுகிறது. நாலு பேர் கைதட்டினால் நாமும் கொஞ்சம் அந்த ஆளாகிறோம்.

மண்டபமும் மைக்கும்

ஒரு கல்யாணத்துக்குப் போகிறீர்கள். பந்தியில் கல்லூரி நண்பர்களோடு உட்கார்ந்தால் ஒரு பேச்சு. மேடை ஓரத்தில் மாமனாரைப் பார்த்தால் வேறு பேச்சு. வாசலில் ஆபீஸ் மேனேஜர் வந்து நின்றால் குரலே வேறு. இதில் எதுவும் வேஷம் இல்லை. மூன்றும் நீங்கள்தான். அடையாளம் என்று நாம் சொல்வது உள்ளுக்குள் பூட்டி வைத்த ஒற்றைப் பொருள் அல்ல. "நான் இன்னார்" என்று நாமும் எதிரில் இருப்பவரும் சேர்ந்து ஒத்துக்கொள்வதுதான் அடையாளம். எதிரில் இருப்பவர் மாறினால் அதுவும் கொஞ்சம் அசையும்.

இப்போது யாரோ உங்கள் கையில் மைக்கைக் கொடுத்து "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்கிறார்கள். பந்தி, மேடை, வாசல் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கப்போகிறது. என்ன பேசுவீர்கள்? பத்தில் ஒன்பது பேர், "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

சமூக ஊடகம் என்பது அந்த மைக். தனித்தனியாக இருந்த வட்டங்கள் ஒரே கூட்டமாகி, ஒரே பேச்சை எல்லாரும் கேட்கும் நிலைக்கு ஆய்வாளர்கள் சூழல் சரிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் நிலச்சரிவு மாதிரி பயமுறுத்துகிறது, பரவாயில்லை.

மைக் கிடைத்த மனிதர்கள் மூன்று விதமாகச் சமாளிக்கிறார்கள். முதல் வகை, யாரையும் உறுத்தாததை மட்டும் போடுவது. ரோஜாப்பூவில் பனித்துளி, கீழே காலை வணக்கம். நாம் கேலி செய்யும் அந்தப் படம் உண்மையில் "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்பதன் டிஜிட்டல் வடிவம். இரண்டாவது வகை, ஆட்களைப் பிரிப்பது. அக்கா மகள் கல்லூரியில் முதல் வருடம். அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கக் கூடாது என்ற பட்டியலை ஒருநாள் காட்டினாள். அப்பா பக்கத்து உறவு மொத்தமும் அதில். அம்மா பக்கத்தில் இரண்டு மாமாக்கள் மட்டும் தப்பியிருந்தார்கள். உருட்டிக்கொண்டே வந்தால், என் பெயரும் இருக்கிறது. "உங்களுக்கு இல்ல மாமா, நீங்க அம்மாகிட்ட உளறிடுவீங்கன்னுதான்" என்றாள். நியாயம்தான். இன்ஸ்டாகிராமிலும் அவளுக்கு இரண்டு கணக்கு. ஒன்றில் சொந்தப் பெயர், பொங்கல் பானை, தாத்தாவோடு படம். இன்னொன்றில் பட்டப்பெயர், நெருங்கிய தோழிகள் மட்டும். இதில் எது உண்மையான அவள் என்று கேட்பது, பந்தியில் பேசியவர் நிஜமா, வாசலில் பேசியவர் நிஜமா என்று கேட்பது போல.

மூன்றாவது வகைதான் நம் கட்டுரைக்கு முக்கியம். மண்டபத்தில் ஒரே ஒரு மேசையைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் விசிலடிக்கும்படி மட்டும் மைக்கில் பேசுவது. மற்றவர்கள் முகம் சுளித்தால் அந்த மேசை இன்னும் பலமாக விசிலடிக்கும். எத்தனை விசில் என்று எண்ணி, படத்துக்குக் கீழே எழுதியும் காட்டுவார்கள்.

கையில் கயிறு, ரீல்ஸில் பாட்டு

இந்த மூன்றாம் வகை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான இடம் இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவது போன் வருவதற்கு முன்பே இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, பள்ளியில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்வது.

கயிற்றை வாசலில் அவிழ்க்கச் சொல்லலாம். ரீல்ஸை என்ன செய்வது? அரை நிமிட வீடியோ, சாதித் தலைவர் படம், கொடி நிறம், "நாங்க யாரு தெரியுமா" என்ற தொனியில் ஒரு பாட்டு. சாதியை இன்ஸ்டாகிராம் உண்டாக்கியது என்று சொன்னால் அது அபத்தம். அந்தப் பழியை ஒரு செயலியின் தலையில் போட்டுவிட்டு ஊர் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு தெருவுக்குள் இருந்த பெருமைக்கு அது நாலு மாவட்டத்துப் பார்வையாளர்களைக் கொடுத்தது. பதினாறு வயதுப் பையனுக்கு, பார்த்தே இராத ஆயிரம் பேர் "அண்ணா மாஸ்" என்று எழுதுகிறார்கள். அடுத்த வீடியோவில் அவன் சத்தம் கூடும்.

ஒரு லைக்குக்குப் போலீஸ்

இனி குடிமைக்கு வருவோம். குடிமை என்றால் ஒரு நாட்டின் உறுப்பினராக நமக்கு இருக்கும் உரிமைகளும், அந்த உரிமையோடு பொது விஷயத்தில் நாம் பங்கெடுக்கும் விதமும். ஓட்டு, ஊர்வலம், மனு, பொதுக்கூட்டம் என்று பழைய பட்டியல் ஒன்று நம்மிடம் இருந்தது. லைக் என்பது அந்தப் பட்டியலில் வருமா?

2012 நவம்பரில் இந்தக் கேள்விக்குக் காவல்துறை ஒரு பதில் சொன்னது. சிவசேனா கட்சியைத் தொடங்கிய பால் தாக்கரே இறந்ததையொட்டி மும்பை முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டன. பால்கர் என்ற ஊரில் ஒரு இளம்பெண், இந்தக் கடையடைப்பு எதற்கு என்ற தொனியில் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இருவரும் கைதானார்கள். எழுதியவரும் லைக் போட்டவரும் ஒரே தட்டில். தோழிகளுக்குள் பேசும் பேச்சு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மைக் திறந்திருந்தது.

அந்தக் கைது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, "எரிச்சலூட்டும்" செய்தியை அனுப்பினாலே சிறை என்று இருந்தது. எது எரிச்சல், யாருக்கு எரிச்சல் என்பதற்கு வரையறையே இல்லை. 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுசாக ரத்து செய்தது. கட்டைவிரலை ஒரு தரம் அழுத்தியது, அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை வழக்காகி முடிந்தது.

ஆறு முகங்கள்

போன் நம் ஓட்டை மாற்றுமா? இதற்கு அளந்து பார்த்த பதில்கள் இருக்கின்றன. அவை அமெரிக்காவில் நடந்தவை, ஆனால் சங்கதி நமக்கும் புரியும்.

2010 நவம்பர் 2, அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நாள். ஃபேஸ்புக் சுமார் 6.1 கோடிப் பயனாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. பெரும்பாலோரின் ஃபீடின் தலைப்பில், இன்று தேர்தல் நாள் என்ற செய்தியும், "நான் ஓட்டுப் போட்டுவிட்டேன்" என்ற பொத்தானும், ஏற்கெனவே அதை அழுத்திய நண்பர்களில் ஆறு பேர் வரை முகப்படமும் இருந்தன. சுமார் 6 லட்சம் பேருக்கு அதே செய்தி, ஆனால் முகங்கள் இல்லாமல். இன்னொரு 6 லட்சம் பேருக்கு எதுவுமே காட்டவில்லை. யார் ஓட்டுப் போட்டார் என்பது (யாருக்கு என்பது அல்ல) அங்கே பொதுப் பதிவேட்டில் இருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

முடிவு 2012-இல் வெளியானது. முகமில்லாத செய்தியைப் பார்த்தவர்களுக்கும் எதையுமே பார்க்காதவர்களுக்கும் ஓட்டுப் போட்டதில் வித்தியாசமே இல்லை. முகங்களோடு பார்த்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். கொஞ்சம் என்றால் நூற்றுக்கு அரைகூட இல்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்களில் அது நேராக 60,000 ஓட்டு. பார்த்தவர்களின் நெருங்கிய நண்பர்களுக்குத் தொற்றியதைச் சேர்த்தால் இன்னும் 2,80,000.

தகவல் அங்கே வேலை செய்யவில்லை. "என் நண்பர்கள் பார்க்கிறார்கள், அவர்கள் போட்டுவிட்டார்கள்" என்பதுதான் வேலை செய்தது.

இன்னொரு சோதனை 2020 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தோடு சேர்ந்து, சம்மதித்த பயனாளர்களின் ஃபீடை மூன்று மாதம் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு அல்காரிதத்தை எடுத்துவிட்டு, புதியது மேலே என்ற வெறும் நேர வரிசை. இன்னொரு சோதனையில், ஒத்த கருத்துள்ளவர்களின் பதிவுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். நம் கருத்தையே நமக்குத் திருப்பிச் சொல்லும் ஆட்கள் மட்டும் சூழ்ந்திருப்பதை எதிரொலி அறை என்பார்களே, அதை உடைத்துப் பார்க்கும் முயற்சி. 2023 ஜூலையில் முடிவுகள் வந்தன. நேர வரிசைக்கு மாறியவர்கள் அந்தச் செயலியில் செலவிட்ட நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் எந்தச் சோதனையிலும் அரசியல் கருத்தும், எதிர்க்கட்சிக்காரர் மேல் இருந்த வெறுப்பும் குறிப்பிடும்படி அசையவில்லை.

இதைக் கேட்டு "அப்ப ஒண்ணும் ஆபத்தில்லை" என்று போனைக் கையில் எடுத்துவிட வேண்டாம். பத்து வருடமாக ஊறிய ஆட்களை மூன்று மாதம் வெளியே எடுத்துவைத்தால் என்ன மாறும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனாலும் மூளைச்சலவை என்ற சொல்லை இனிமேல் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தலாம்.

மறுபடி ஒருமுறை: சூழல் சரிவு நம்மை ஒரு மேசைக்காகப் பேசவைக்கிறது. ஃபீடை மாற்றினாலும் கருத்து சட்டென்று மாறுவதில்லை. ஆனால் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள் என்ற உணர்வு, நாம் செய்வதை மாற்றுகிறது.

335 பேர்

பார்ப்பவர் எப்போதும் நண்பராக இருக்க வேண்டும் என்பதில்லை. தேர்தல் பிரச்சாரங்களுக்கு வேலை பார்த்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் விவகாரம் 2018-இல் வெடித்தது. ஆளுமைத் தேர்வு மாதிரி ஒரு செயலியைச் சுமார் 2.7 லட்சம் பேர் ஃபேஸ்புக் வழியாகப் பயன்படுத்தினார்கள். அவர்கள் விவரத்தோடு அவர்களின் நண்பர்கள் விவரத்தையும் அது அள்ளிக்கொண்டது. மொத்தம் 8.7 கோடிப் பேர் வரை. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்.

அந்த விவரங்களை வைத்துத் தேர்தலைத் திருப்பினார்கள் என்று பலர் உறுதியாகப் பேசுவார்கள். அது நிரூபணமாகவில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 335. நான் எந்தத் தேர்வையும் எழுதவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. என் பழைய வகுப்புத்தோழன் ஒருவன் பொழுதுபோகாமல் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், நான் யார் என்று எங்கோ ஒரு கோப்பில் ஏறியிருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது அதற்கு முந்தைய வருடம், 2017 ஆகஸ்ட் 24 அன்று. உரிமை தனிமனிதருக்குத்தான். தடயம் கூட்டமாக மாட்டிக்கொள்கிறது.

இயந்திரம் இல்லாத இடம்

இப்போது பெரியப்பாவிடம் திரும்பலாம். அல்காரிதம் இல்லாத இடத்தில் பொய் எப்படி ஓடுகிறது? அனுப்புகிற ஆளின் முகத்தை வைத்து. முகம் தெரியாத ஒருவர் சொன்னால் தள்ளிவிடுவோம். அதையே மச்சான் அனுப்பினால், "மச்சான் சும்மா அனுப்ப மாட்டாரே" என்று மனம் சொல்லும். தகவலுக்கு ஆதாரம் கேட்பது மச்சானையே சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடுகிறது. குழுவில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்? நான் கேட்டதற்கே பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை.

2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் நாடு முழுக்கப் பரவியது. அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழியில் நிறுத்தி, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று நினைத்துக் கூட்டம் சூழ்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்களை எந்த ஃபீடும் தேர்ந்தெடுத்து உசுப்பவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையோடு அனுப்பியதுதான்.

இந்த மாதிரிக் கொலைகள் தொடர்ந்த பிறகு, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் 2018 ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. இரட்டை அம்புக்குறி போட்டு வருமே, அதுதான். தடை என்று எதுவும் இல்லை. விரலுக்குக் கொஞ்சம் வேலை கூட்டினார்கள். அவ்வளவுக்கே பரவும் வேகம் குறைந்தது என்பது, பெரும்பாலானவர்கள் நம்பி அனுப்புவதைவிடச் சும்மா அனுப்புவதுதான் அதிகம் என்று காட்டுகிறது.

மெரினாவில் யாரிடம் பேசுவது?

கெட்டதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? 2017 ஜனவரி 17 முதல் ஒரு வாரம் மெரினாவில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக, எந்தக் கட்சியும் கூப்பிடாமல், வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஒருவரை ஒருவர் அழைத்துக் கூடிய கூட்டம். ராத்திரி இருட்டில் ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச். சாப்பாடு எங்கே தேவை, தண்ணீர் எங்கே தீர்ந்தது என்பது போனிலேயே ஓடியது. வந்த அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அதுவரை சேர்ந்து நிற்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு தலைமுறை, தன்னைக் குடிமக்களாகப் பார்த்துக்கொண்டது. மற்றவர்களும் பார்க்கும்படி செல்ஃபியும் எடுத்துக்கொண்டது. இரண்டையும் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அங்கேதான் சிக்கல். சரி, ஒத்துக்கொள்கிறோம், கலைகிறோம் என்று கூட்டத்தின் சார்பில் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள் சிலர், போதும் என்றார்கள் சிலர், பேட்டி கொடுத்தவரை எங்கள் ஆள் இல்லை என்றார்கள் சிலர். 23ஆம் தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறிய அதே நாளில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது, தடியடியில் முடிந்தது.

பழைய முறை வேறு மாதிரி. திராவிட இயக்கம் ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்தது. அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். கையில் எந்தப் பத்திரிகை இருக்கிறது என்பதே ஆள் எந்தக் கட்சி என்று சொல்லிவிடும். எம்.ஜி.ஆர். 1972-இல் தனிக்கட்சி தொடங்கியபோது ரசிகர் மன்றங்கள் அப்படியே கிளைகளாக மாறின. ஊடகம் நம் அடையாளத்தையும் அரசியலையும் சேர்த்துப் பின்னுவது தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லை. ஆனால் மன்றத்துக்கு ஒரு தலைவர், செயலாளர், சந்தா, ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி எல்லாம் இருந்தது. ஒரு வாரத்தில் கூடும் கூட்டத்துக்கு அந்தச் சாவி கிடைப்பதில்லை. கூடும் வேகத்தை போன் கொடுத்துவிட்டது. உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வரும் பழக்கத்தை அது கொடுக்கவில்லை, அதை எதிர்பார்த்து யாரும் போன் வாங்கவும் இல்லை.

ஏழு விநாடி

யாரும் பார்க்காத ஒரு இடத்தை நம் ஜனநாயகம் வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கிறது. வாக்குச்சாவடி. போனை உள்ளே கொண்டுபோக முடியாது. மூன்று பக்கமும் அட்டை மறைப்பு. பொத்தானை அழுத்தினால் பக்கத்துக் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். லைக் இல்லை, எண்ணிக்கை இல்லை, மேசை இல்லை, விசில் இல்லை.

2024 ஏப்ரல் 19 அன்று பெரியம்மாவை நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் மை வைத்த விரலை நீட்டி ஒரு படம் எடுக்கச் சொன்னார். வெயிலில் கண் கூசியது, நாலு தடவை எடுத்தோம். வீட்டுக்கு வருவதற்குள் அதைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். மதியம் ஒரு மணிவரை சோம்பிக் கிடந்த சித்தி வீட்டார் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். பெரியப்பா அன்று காலையிலிருந்து தன் கட்சிக்காக ஏழெட்டுப் பதிவுகள் போட்டிருந்தார். பெரியம்மாவின் விரலுக்குக் கீழேயும் கட்சிச் சின்னத்தைப் போட்டு, "நம்ம ஓட்டு" என்று எழுதினார். பெரியம்மா அதற்குக் கும்பிடு முகம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். யாருக்குப் போட்டார் என்று பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.